டிரங்குப் பெட்டியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் பாம்பன் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம் இதுதான் பிழைப்பு. ஆனால் அவர் மனசு வேறு பக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் வீடு, கடல்பாசி எடுக்கும் பெண்கள், மண்டபம் இலங்கை அகதிகள் முகாம், வேலைநிறுத்தம், மறியல் என்று எங்கே பிரச்சினையோ அங்கே கேமராவோடு நிற்பார். போன புரட்டாசியில் தவறிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு அட்டைப் பெட்டியும் நிறைய நெகட்டிவ், பழைய நோட்டுகள், சில ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. முதலாம் ஆண்டுக்கு நினைவு மலர் போடலாம் என்கிறார்கள் அவருடைய தோழர்கள். “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போட்டுடலாம்மா” என்கிறான் சென்னையில் இருக்கும் மகன். ஒருவர் ஆவணப்படம் எடுக்கப் பெட்டியைக் கேட்கிறார். அவர் எதற்காக வாழ்ந்தார் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? நான் பத்தாவதோடு நின்றவள். என்னால் முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மண்டபம்

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். வீடுகளிலிருந்து வரும் இப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து, ஒழுங்குபடுத்தி, பட்டியல் போடுவதுதான் என் தொழில். அவற்றில் பெரும்பாலானவை, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆளே இல்லாமல் வந்து சேர்கின்றன. உங்கள் பெட்டிக்கு நீங்கள் இருக்கிறீர்கள். பத்தாவது படித்தது போதும், தாராளம்.

இப்போதைக்கு மூன்று பேரிடமும் “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லுங்கள். மலர் போடுகிறவர்கள் அவசரத்தில் நல்ல நல்ல படமாக உருவி எடுத்துக்கொண்டு போவார்கள். போனது திரும்பி வந்தாலும் இருந்த இடத்துக்குத் திரும்பாது. ஆவணப்படக்காரர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், குறிப்பு எடுக்கட்டும். பெட்டி வாசல் தாண்டக் கூடாது. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஸ்கேன் செய்தாலும் நெகட்டிவைத் தூக்கிப் போடக் கூடாது. ஸ்கேன் ஒரு நகல். இன்னும் பத்து வருஷத்தில் இதைவிட நல்ல ஸ்கேனர் வரும், அப்போது அசல் வேண்டும். மகன் உடனே செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க்குகள். நெகட்டிவ் நாற்பது வருஷம் தாங்கியிருக்கிறது, ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். முதலில் அவற்றை அப்படியே, ஃபோல்டர் பெயரைக்கூட மாற்றாமல், இரண்டு புது டிஸ்க்கில் பிரதி எடுத்து ஒன்றைச் சென்னையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிடி, டிவிடி கிடந்தால் அவையும் இதே கணக்கில் சேரும்.

இனி டிரங்குப் பெட்டி. அது பரண் மேலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ இருந்தால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். தரையிலும் வைக்காதீர்கள். கடல் பக்கச் சுவரை ஒட்டாமல், வீட்டின் நடு அறையில், ஒரு பலகை மேல் வையுங்கள். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் பிலிமே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வாடை பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும், ஆகவே அவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரிக்க இழுக்காதீர்கள், எண்ணெய், தண்ணீர் எதுவும் தொடாதீர்கள், தெரிந்தவர் பார்க்கும்வரை அப்படியே கிடக்கட்டும். பிலிமை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டார்க் ரூம் இருந்த வீடு. மெத்தென்றிருந்து வாடை அடிக்கும் பிளாஸ்டிக் கவர்கள் இருந்தால் மெல்ல மெல்லக் காகித உறைக்கு மாற்றலாம். பழைய உறையில் அவர் கையெழுத்து இருந்தால் அந்த உறையைப் புது உறைக்குள் மடித்து வையுங்கள், குப்பைக்குப் போகக் கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். வாடைக்காற்று மாதங்களில் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். ரசகற்பூர உருண்டை வேண்டாம்.

அடுக்குமுறையைக் கலைக்காதீர்கள். ஒரு கல்யாண ரோலில் கடைசி நாலு பிரேம் மீனவர் போராட்டமாக இருக்கலாம். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதை எடுத்துவிட்டு, அப்படியே சைக்கிளில் மறியலுக்குப் போயிருக்கிறார் என்பதற்கு அந்த ரோல்தான் சாட்சி. ‘கல்யாணம் தனி, போராட்டம் தனி’ என்று பிரித்து வைத்தீர்கள் என்றால் அந்த மனிதரையே இரண்டாகப் பிரித்துவிடுவீர்கள். பெட்டிக்கு ஒரு எண், கட்டுக்கு ஒரு எண், ரோலுக்கு ஒரு எண் என்று உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம். அதே எண்ணை ஒரு நீள நோட்டில் எழுதி, எதிரே தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் இடம் விடுங்கள். ஊகத்தை எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இப்போது உங்கள் கடிதத்தின் உள்ளே இருக்கும் பெரிய கேள்விக்கு வருகிறேன். அவருடைய சமூகநீதி உணர்வை எப்படிப் பதிவு செய்வது?

‘ஏழை எளியவருக்காக வாழ்ந்தவர்’ என்று மலரில் போட்டால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார். இந்த மாவட்டத்தில் சுவரொட்டிக்குச் சுவரொட்டி எல்லோருக்கும் அதே வரிதான். நான் உங்களிடம் கேட்பது ஸ்டூடியோ ஆர்டர் நோட்டு. தேதி, பெயர், சைஸ், எத்தனை காப்பி, மொத்தம், அட்வான்ஸ், பாக்கி. கடைசி இரண்டு கட்டத்தைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். தொகை எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறாரா? பாக்கி வசூலாகாமலே நிற்கிறதா? யார் யாருக்கு? எந்த மாசம்? ஒரு மனிதர் எதற்காக நின்றார் என்பது அவர் மேடையில் பேசியதைவிட யாரிடம் காசு வாங்கவில்லை என்பதில் தெரியும். அந்த நோட்டுத்தான் உங்களிடம் இருக்கும் முதல் ஆவணம். நெகட்டிவ் அதற்கு அடுத்துத்தான்.

உங்கள் கடற்கரையில் ஸ்டூடியோக்காரர் செய்த ஒரு வேலையை வெளியூர்க்காரர்கள் யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். கடலில் ஆள் காணாமல் போனால் நிவாரணம் கேட்டு மனு எழுத வேண்டும், மனுவுக்குப் படம் வேண்டும். வீட்டில் படம் இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் நின்றிருப்பார், அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரர் அந்தக் கல்யாண நெகட்டிவைத் தேடி எடுத்து, கடுகளவு முகத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவரின் தோளை டச்சிங்கில், அதாவது படத்தின் மேல் கையால் திருத்தி, மறைத்து, வேட்டி சட்டையோடு தனியாக நிற்கிற ஆளாக ஆக்கித் தருவார். உடல் கிடைக்காத ஆளைச் சட்டம் இறந்தவராக எடுத்துக்கொள்ள 7 வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அந்தப் பெண் ஆபீஸ் ஆபீஸாகக் காட்டியது அந்த ஒற்றைப் படத்தைத்தான். உங்கள் கணவரின் பெட்டியில் இப்படி எத்தனை முகம் இருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் போடுங்கள். கண்காட்சியில் மாட்ட லாயக்கில்லாத, புள்ளி புள்ளியான படங்கள்தான். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

மனுக்களின் நகல், அவற்றோடு இணைத்த படங்கள், 1983க்குப் பிறகு சுடப்பட்ட படகுகளின் பலகையில் குண்டு துளைத்த இடம், மண்டபம் முகாமில் கார்டுக்கு எடுத்த வரிசைப் படங்கள், இவையும் அப்படித்தான். ‘கலை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எடுத்து வையுங்கள்.

அடுத்து நீங்கள். ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாகின. புகைப்படக்காரர் வீட்டில் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பது வெளியே தெரியாமல் போவது புதிதில்லை. உங்கள் கடிதத்தில் ‘அவர், அவர்’ என்றே இருக்கிறது. பிலிம் கழுவும்போது சிவப்பு விளக்கில் கூட நின்றது யார்? பிரிண்ட்டைக் கொடியில் காயப் போட்டது யார்? அவர் மறியலில் கைதாகிப் போன அன்று ஸ்டூடியோவைத் திறந்து பாஸ்போர்ட் படம் எடுத்தது யார்? வசூலாகாத பாக்கியில் அந்த மாச அரிசிக்கு என்ன செய்தீர்கள்? ஒருவர் கொள்கைக்காகச் செலவழித்தார் என்றால் அந்தச் செலவை வீட்டில் யாரோ தாங்கியிருக்கிறார்கள். அதை எழுதாவிட்டால் வரலாறு பாதிதான்.

எழுத வரவில்லை என்றால் பேசுங்கள். பேரன் பேத்தி யாராவது போனில் பதிவு செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டுப் படம், அரைமணி நேரம், போதும். “தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து “இது யாரு வீடு, அன்னைக்கு மழையா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், படத்தின் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படங்களுக்கும் இதேதான், இல்லாவிட்டால் தரம் குறைந்து, எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

கூடவே அவருடைய கோணல்களையும் பேசுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஏற்பாடு இருந்தும் வலை அறுந்த சண்டை ஓய்ந்ததில்லை. இரண்டு தரப்பும் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள்தானே? அவர் யார் பக்கம் நின்றார்? இன்னொரு பக்கம் என்ன சொன்னது? தோழர்களோடு எதில் முட்டிக்கொண்டார்? ஊர்க் கூட்டத்தில் எந்தப் படத்தால் சண்டை வந்தது? மலரில் இதெல்லாம் வராது, வர விடவும் மாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு மாலை போட்ட படம் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் படத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் பிரிண்ட்டோடு போங்கள், போனில் காட்டாதீர்கள். கையில் படம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து எட்டிப் பார்ப்பார், அவருக்குத்தான் பெயர் தெரிந்திருக்கும். விசைப்படகுக்காரர்களைப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வசதி, ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பாசிக்காரப் பெண்களை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தேடாதீர்கள், கடலில் இருப்பார்கள். ஒரு பிரிண்ட்டை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். சின்னப்பாலம் லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்த பிறகு அந்தப் பெண்களை உலகம் கொஞ்சம் பார்த்தது. அதற்கு ரொம்ப முன்பே உங்கள் கணவர் எடுத்திருந்தால், காலில் கட்டிய தகடும், விரலில் சுற்றிய துணியும், இடுப்பில் கட்டிய வலைப்பையும் ஒவ்வொரு காலத்திலும் எப்படி இருந்தன என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. அதற்குப் பிறகு தீவில் இறங்கினாலே வழக்குப் பாயும். கடல் அட்டையும் பவளப்பாறையும் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்கு முன்னால் கடல் அட்டை அவித்துக் காய வைத்தது ஊரறிந்த தொழில். இப்போது தேதி போடாமல் ஒரு படம் வெளியே போனால், முகம் தெரிகிற அந்த மனிதர் குற்றவாளியாகத் தெரிவார். பாசிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுக்குப் போனார்கள் என்று நிரூபிக்க உதவும் அதே படம், ஒரு பெண்ணை வனத்துறை முன்னால் நிறுத்தவும் உதவும். ஆகவே தேதி தெரியாத எதையும் வெளியிடாதீர்கள். தேதி தெரிந்தாலும் முகம் தெரிந்தால் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். முகாம் படங்களில் இன்னும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதில் இருப்பவர் இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம், யாரோடு நிற்கிறார் என்பதே அவருக்குத் தொல்லையாகலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள், குழந்தைகள் படம் இருந்தால் பெயரோ முகமோ வெளியிடுவது சட்டப்படியே குற்றம். அந்த உறைகளைத் தனியாகக் கட்டி ‘திறக்க அனுமதி வேண்டும்’ என்று எழுதி வையுங்கள். அழிக்க வேண்டாம், காட்டவும் வேண்டாம்.

உரிமை விஷயம் சுருக்கமாக. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தானாகப் போய் எடுத்த படத்துக்கு எடுத்தவர்தான் உரிமையாளர். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆகவே கல்யாண ஆல்பப் படங்களை அந்தக் குடும்பங்களைக் கேட்காமல் புத்தகத்தில் போடாதீர்கள். அவருடைய சொந்தப் படங்களின் உரிமை, 2012 திருத்தத்துக்குப் பிறகு, அவர் காலத்துக்கு அப்பாலும் 60 வருஷம் நிற்கும். உயில் இல்லையென்றால் அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து, யார் அனுமதி கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் ஆவணப்படக்காரரிடம் பேச வேண்டும்: எந்த எண்ணுள்ள படம், எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு, பெயர் எப்படி வரும் என்று. ‘ஐயா பெயர் வரும்’ என்ற வாய் வார்த்தையை நம்பி நெகட்டிவ் கொடுத்தவர்கள் பலர், அவர்களில் சிலருக்குப் பெயர் மட்டும் வந்தது.

இதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும்? உங்கள் வீட்டிலேயே எப்போதும் இருக்க முடியாது, உப்புக்காற்று விடாது. சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலையில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தோடு சேர்ந்து இயங்கியது. பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையக் காப்பகம் உங்கள் கடற்கரைப் பாசிப் பெண்களைப் பற்றித் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. எழுதிக் கேளுங்கள். அசலைக் கேட்கிறார்களா, டிஜிட்டல் நகலைக் கேட்கிறார்களா, ஊர் மக்கள் வந்து பார்க்க முடியுமா, தனியே கட்டி வைத்த உறைகளை எத்தனை வருஷம் மூடி வைப்பார்கள், இந்த நாலையும் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் பட்டியல் இருந்தால் அவர்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.

முதலாம் ஆண்டுக்கு என்ன செய்வது என்று தோழர்கள் கேட்பார்கள். மலருக்கு வைத்த பணத்தில் ஐம்பது அறுபது பிரிண்ட் போடச் சொல்லுங்கள், மேலே சொன்ன சிக்கல் எதுவும் இல்லாத படங்களாகப் பார்த்து. கூட்டம் போடாத, கொடி கட்டாத இடமாக, மீன் ஏலக் கூடத்துப் பக்கமோ ரேஷன் கடைப் பக்கமோ கயிறு கட்டி மாட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும். தெரிந்தவர் பெயர் எழுதட்டும், எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். “என் படத்தை எடுத்துருங்க” என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள், அதையும் நோட்டில் குறியுங்கள்.

ஸ்கேன் எப்படி, என்ன செலவு என்பதை இப்போது எழுதவில்லை. எவ்வளவு நெகட்டிவ், அதில் முப்பத்தைந்து எம்எம் எத்தனை, பெரிய சைஸ் எத்தனை, காடி வாடை எத்தனை கட்டில் என்று எண்ணி எழுதுங்கள். அவருடைய டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இன்னும் வேலை செய்கிறதா என்றும் சொல்லுங்கள். செய்தால், ஒரு லைட் பலகை மட்டும் வாங்கி வீட்டிலேயே படியெடுக்க வழி சொல்கிறேன்.